கரும்புக் கொல்லையில் பாய்மரப் படகு

போன மாதம் என் போனுக்கு ஒரு படகு வந்தது. அரை நிமிஷ வீடியோ. அனுப்பியவர் புதுச்சேரியில் நான் வேலை பார்த்த ஆபீசில் இப்போது என் நாற்காலியில் இருப்பவர். "சார், செகண்ட் ஹேண்ட் பாய்மரப் படகு. வாங்கலாமானு பார்ட்டி கேக்கறாரு. ஓகேவா?" என்று கீழே எழுதியிருந்தார். நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "படகுக்குப் பின்னால் கொடியில் காயும் லுங்கி கிழிந்திருக்கிறது. அது நிச்சயம். படகைத் தொட்டால்தான் சொல்ல முடியும்" என்று பதில் போட்டேன். சிரிக்கிற மூஞ்சி ஒன்று வந்தது. கூடவே, "நீங்கள்லாம் எப்படித்தான் பாத்தீங்கனு எழுதிக் குடுங்க சார், படிச்சிக்கிறோம்" என்றார். சும்மா சொல்லியிருப்பார். நான் நிஜமாகவே உட்கார்ந்து எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

முப்பத்து மூன்று வருஷம் பழைய படகுகளைத் தட்டிப் பார்ப்பது என் உத்தியோகம். ஒருவர் பழைய படகு வாங்கப் போகிறார் என்றால், அதற்கு முன்னால் நாங்கள் போய்ப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே ஒட்டு, எங்கே பொய் என்று எழுதிக் கொடுப்போம். ரிட்டயர் ஆகி கள்ளக்குறிச்சியில் வீடு கட்டி வந்த பிறகு இதை யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். "படகா? நம்ம ஜில்லாவுல கடலே கெடையாதே சார்" என்று கத்திரியை நிறுத்திக்கொண்டு கேட்டார் சலூன்காரர். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது என் அப்பா இந்தச் சிக்கலை ஒரே வார்த்தையில் முடித்தார். "பையனுக்குக் கப்பல்ல வேலை" என்று சொல்லிவிட்டார். என் மனைவி கல்யாணமாகி ஒரு வருஷம் அந்தக் கப்பலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பிறந்தது திருக்கோவிலூருக்குப் பக்கத்தில். ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். அதுதான் எனக்கும் தண்ணீருக்கும் இருந்த உறவு. ஐ.டி.ஐ. முடித்து, புதுச்சேரியில் ஃபைபர் படகு செய்யும் பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தேன். ரெண்டு வருஷம் தேய்த்தேன். மூக்கில், காதில், சோற்றில் எல்லாம் ஃபைபர் தூள். அங்கே படகு பார்க்க வந்துகொண்டிருந்த அந்துவான் சார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நீச்சல் தெரியுமா?" என்றார்.

"கெணத்துல தெரியும் சார்."

"கடலும் கிணறுதான். கரை மட்டும் ஒரு பக்கம்தான் இருக்கும். நாளைக்கு வா."

இவ்வளவுதான் என் இன்டர்வியூ.

அந்துவான் சார் வெள்ளை முழுக்கைச் சட்டைக்காரர். எந்தச் சேற்றிலும் கையை மடித்துவிட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய தோல் பையில் நாலே சாமான்: பிளாஸ்டிக் பிடி போட்ட ஒரு திருப்புளி, ஒரு ஸ்பாஞ்சு, சவரம் செய்கிற பிரஷும் சோப்பு டப்பாவும், ஒரு முழம் கம்பி. போன உடனே படகைப் பார்க்க மாட்டார். விற்கிறவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார். தண்ணீரை வாங்கிக்கொண்டு, படகுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடத்தைப் பார்ப்பார். படகு எதன் மேல் கிடந்தது, நிழலிலா வெயிலிலா, சுற்றிப் பாசி இருக்கிறதா. "அடியில் நாய் படுத்திருக்கா பாரு. நாய் ஈரத்துல படுக்காது. இவங்க சொல்றதை விட அது சொல்றதை எழுதிக்க" என்பார்.

அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று. அப்புறம் அந்த வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து, பின்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் படகின் வயிற்றைப் பார்ப்பார். வளைவு எங்காவது உள்வாங்கியிருந்தால் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் திருப்புளி. பிடிப்பக்கத்தால், நாலு விரல் இடைவெளி விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். நல்ல இடம் "டக்" என்று திருப்பிச் சொல்லும். உள்ளே ஈரம் ஏறிய இடம், ஃபைபர் விட்டுப்போன இடம் "தொப்" என்று முழுங்கிக்கொள்ளும். பாய்மரத்தைக் கழற்றித் தரையில் உருட்டச் சொல்வார். வளைந்த மரம் நொண்டும். பாயை வெயிலில் தூக்கிப் பிடித்து, தையல் மேல் கட்டைவிரல் நகத்தால் கீறுவார். வெயில் தின்ற நூல் பொடியாக உதிரும்.

கடைசியில் காற்றுப் பெட்டி. சின்னப் பாய்மரப் படகுக்கு உயிர் அதில்தான். மூக்கில் ஒன்று, பின்னால் ரெண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று என்று மூடிய பெட்டிகள் இருக்கும். படகு கவிழ்ந்து தண்ணீர் நிரம்பினாலும் அந்தக் காற்று தூக்கி வைத்துக்கொள்ளும். அந்துவான் சார் பெட்டியின் வடிகால் துளையில் வாயை வைத்து ஊதுவார். கன்னம் ரெண்டும் பணியாரமாக உப்பி நிற்கும். நான் சவர பிரஷால் மூட்டெல்லாம் சோப்பு நுரை பூச வேண்டும். ஓட்டை இருந்தால் நுரை குமிழி விடும். "கம்ப்ரசர் வைக்கலாமே சார்" என்று ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டேன். "பெட்டி வெடிக்கும். வாய்க்குத்தான் எப்ப நிறுத்தணும்னு தெரியும்" என்றார். அவருடைய வாய்க்கு நிஜமாகவே தெரியும்.

ஏனென்றால் விற்கிறவர் முன்னால் அவர் உண்மை பேசியதே இல்லை. படகு நன்றாக இருந்தால் முகத்தைச் சுளித்து, "ம்... என்னமோ போங்க" என்பார். மோசமாக இருந்தால், "அற்புதம்! இந்த மாதிரி இப்ப யாரு செய்யறான்?" என்று கையைப் பிடித்துக் குலுக்குவார். விற்கிறவர் பூரித்துப்போய்ச் சாப்பாடு சொல்வார். ரிப்போர்ட் போய்ச் சேரும்போது எங்களுக்கு ஜீரணமே ஆகியிருக்கும். ஒரு தடவை ஒருவர் படகுக்குள் பூஞ்சை வாடை தெரியாமலிருக்க ஜவ்வாது தடவி வைத்திருந்தார். அந்துவான் சார் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கு எங்களுக்குப் பாயசத்தோடு சாப்பாடு.

தனியாக நான் பார்த்த முதல் படகு, கடலூர்ப் பக்கம் உப்பங்கழிக் கரையில். இளநீர் கொடுத்தார்கள், குடித்தேன். புதுப் பெயின்ட் பளபளத்தது, மயங்கினேன். படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க நடுவில் பலகை இறங்குகிற கூட்டுக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சோம்பல்பட்டு, "நன்று" என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிய டாக்டர் என்னையே ஏற்றிக்கொண்டு முதல் சவாரி கிளம்பினார். நடுக்கழியில் என் செருப்பு மிதக்க ஆரம்பித்தது. அப்புறம் டாக்டரின் செருப்பு. இடுப்பளவுத் தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தோம். வழி முழுக்க அவர் எனக்கு ரத்தக் கொதிப்பு வராமலிருக்க என்னென்ன சாப்பிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

அந்துவான் சாரும் திட்டவில்லை. ரிப்போர்ட்டில் "நன்று" என்ற சொல்லைச் சிவப்பு மசியில் வட்டம் போட்டு, "எந்தப் பக்கம் நன்று? வெளியிலயா?" என்று எழுதித் திருப்பித் தந்தார். அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் ஒரு சோதனை கூடிப்போனது. படகைத் தண்ணீரில் விட்டு, ஆளை உட்காரவைத்து, உள்ளே விளிம்பு வரைக்கும் தண்ணீரை ஊற்றுவது. நல்ல படகு தொட்டி மாதிரி நிரம்பிக்கொண்டும் மிதக்கும். கெட்டது காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றும் சொல்லித் தந்திருந்தார். "உன் சொந்தக்காரன் படகுன்னா பையை மூடிட்டு வந்துடு. நீ நிஜத்தையே சொன்னாலும் யாரும் முழுசா நம்ப மாட்டான்." முப்பத்து மூன்று வருஷத்தில் அந்த நிலைமை எனக்கு வரவில்லை. எங்கள் சொந்தத்தில் படகு வைத்திருக்கிறவர் யார்?

ரிட்டயர் ஆன மறு வருஷம் வந்தது.

வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊரிலிருந்து சடையன் என்பவர் என்னைத் தேடி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒட்ட வெட்டிய கிராப்பு, இஸ்திரி கலையாத சட்டை. கடற்படையில் இருபது வருஷம் சமையல்காரராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சாமை பயிர் வைத்துக்கொண்டிருந்தார்.

"இருவது வருஷம் கடல்ல இருந்தேனுங்க. ஆனா கடலை நான் பாத்தது அடுப்பங்கரை ஜன்னல்ல. இத்தினிக்கூண்டு வட்டம்" என்று ரெண்டு கைவிரலையும் சேர்த்துக் காட்டினார். "ஒரு ஆபீசரு ஞாயித்துக்கெழமையில பாய்மரப் படகு ஓட்டக் கத்துக் குடுத்தாரு. அன்னிக்குத்தான் கடலு எம்மாம் பெருசுன்னே தெரிஞ்சிது. எங்க ஊருப் பசங்க ஏரியில டயர் டியூப்பைப் போட்டுக்கினு மெதக்குதுங்க. அதுங்களுக்குக் கத்துக் குடுக்கணுங்க. பஞ்சாயத்துல பேசிட்டேன். ஒரு படகு பாத்திருக்கேன். நீங்க வந்து சரின்னு சொல்லிட்டா ஏத்திக்கினு போயிடுவேன்."

"எங்க இருக்கு படகு?"

"மூங்கில்துறைப்பட்டுலங்க. பழைய டிராக்டரு வாங்கி விக்கறவரு ஒருத்தரு வெச்சிருக்காரு."

என் தங்கை மல்லிகாவின் புருஷன் தண்டபாணி மூங்கில்துறைப்பட்டில் பழைய டிராக்டர்தான் வாங்கி விற்கிறான். மனசில் சுருக்கென்றது. அந்த ஊரில் அந்த வியாபாரம் இன்னும் ரெண்டு பேர் செய்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, பரணிலிருந்து பையை இறக்கினேன். விற்கிறவர் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போக முடியாமல் போயிருக்கும். எனக்கோ ரிட்டயர் ஆனதிலிருந்து எதையாவது தட்ட வேண்டும்போல விரல் நமநமவென்று இருந்தது.

அரவை நடந்துகொண்டிருந்த சமயம். ஆலைக்குப் போகும் ரோட்டில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ரோட்டோரம் கரும்புக் கொல்லையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. நாலு டிராக்டர்களுக்கு நடுவில், நீல நிறத்தில், பதினாலு அடி நீளத்தில், ஒரு பாய்மரப் படகு. கொட்டகைக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தது தண்டபாணியேதான்.

என்னைப் பார்த்தான். சடையனைப் பார்த்தான். ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

"வாங்க வாங்க. சாரு யாருங்க?"

மூன்று நாள் முன்னால் இதே ஆள் என் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மீன் குழம்பை மூன்று தடவை வாங்கி ஊற்றிக்கொண்டவன். அந்த நொடியில் நான் பையை மூடியிருக்க வேண்டும். "இவரு என் தங்கச்சி வூட்டுக்காரருங்க" என்று ஒரு வாக்கியம். வாய்க்குள் வந்தது. ஆனால் அவன் அவ்வளவு அழகாகத் தெரியாத மாதிரி நின்றதைப் பார்த்ததும் எனக்குள்ளே ஒரு விஷமம் கிளம்பிவிட்டது. எவ்வளவு தூரம் போகிறான் பார்ப்போம்.

"ஏழுமலைங்க. படகு பாக்க வந்திருக்கேன்" என்றேன்.

"சந்தோசங்க. பேரு கேள்விப்பட்டிருக்கேன்" என்றான் படுபாவி.

தண்ணீர் கேட்டேன். உட்கார்ந்தேன். படகுக்கு அடியில் நாய் இல்லை. ஒரு கோழி இருந்தது, அது எதுவும் சொல்லவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தரையில் படுத்துப் பார்த்தேன். வளைவு சுத்தம். பாய்மரத்தை உருட்டினேன், நொண்டாமல் ஓடியது. பாய் கொஞ்சம் பழசு, தையல் கெட்டி. சுக்கானின் பித்தளைக் கொக்கிகள் தேயவில்லை. கிழக்குக் கடற்கரையில் யாரோ ஒருத்தர் இந்தப் படகைப் பிள்ளை மாதிரி வைத்திருந்திருக்கிறார். பழைய பவர் டில்லருக்கு மாற்றாக இது வந்ததாகத் தண்டபாணி சொன்னான். நீலம் மட்டும் புதுசு. டிராக்டர் பெயின்ட்.

திருப்புளியை எடுத்தேன். மூக்குப் பக்கம் டக், டக். நடுவில் டக், டக். பின்னால் இடது ஓரத்துப் பெட்டியில் தட்டினேன். தொப் என்றுகூடச் சொல்லவில்லை. பாறையில் தட்டினால் வருகிற மாதிரி "டிக்". முப்பத்து மூன்று வருஷத்தில் எந்தப் படகும் எனக்கு "டிக்" சொன்னதில்லை. வலது ஓரம் போனேன். அங்கேயும் "டிக்".

"தூக்கிப் பாக்கலாமா?" என்றேன்.

டிராக்டர் இன்ஜின் தூக்கும் சங்கிலிக் கப்பி கொட்டகையிலேயே இருந்தது. பக்கத்து வெல்லக் கொட்டகையிலிருந்து தொங்கு தராசு வந்தது. நூறு கிலோவை ஒட்டி நிற்க வேண்டிய படகு, இருநூற்று முப்பதில் போய் நின்றது. சடையன் தராசைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கனமா இருந்தா கெட்டின்னு அர்த்தங்க" என்றான் தண்டபாணி. "கம்மியான வெயிட்டுல இருந்தா காத்து அடிச்சிக்கினு பூடாதா?"

நான் வடிகால் துளையில் வாயை வைத்து ஊதினேன். சடையனிடம் பிரஷைக் கொடுத்து நுரை பூசச் சொன்னேன். சமையல்காரர் கை, இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுகிற பதத்தில் பூசினார். உட்காருகிற பலகைக்கு அடியில், நீலப் பெயின்டுக்குள்ளே ஒரு முழச் சதுரத்துக்குக் கோடு கோடாகக் குமிழி எழுந்தது. யாரோ பெட்டியின் மேல்பக்கத்தை அறுத்து, பலகை வைத்துத் திருகி மூடியிருக்கிறார்கள். கம்பியைத் துளைக்குள் விட்டேன். ஒரு சாண் போய்க் கல்லில் முட்டியது. வெளியே இழுத்தேன். நுனியில் சாம்பல் நிறத் தூள்.

நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சிமென்ட்.

தண்டபாணி கோழியை விரட்டுவதில் மும்முரமாக இருந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே சொல்லி முடித்திருக்கலாம். அந்துவான் சார் என்றால் கையைக் குலுக்கி "அற்புதம்" என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டு, ரிப்போர்ட்டை அனுப்பியிருப்பார். நான் அவரை விட ஒரு படி மேலே போக ஆசைப்பட்டேன்.

"தண்ணியில விட்டுப் பாத்துடுவோம். விக்கறவரே உக்காந்து காட்டறது எங்க ஆபீஸ் வழக்கம்" என்றேன். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அந்த நிமிஷம் பிறந்தது.

கொட்டகைக்குப் பின்னால் சொட்டுநீருக்காக வெட்டிய பண்ணைக் குட்டை, மார்பளவுத் தண்ணீர், அடியிலும் கரையிலும் கறுப்புத் தார்ப்பாய். டிராக்டரில் கட்டி இழுத்துப்போய் இறக்கினோம். தண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்தான். படகு மிதந்தது. அசையக்கூட இல்லை. நான் எதிர்பார்க்காதது அது.

"பாத்தீங்களா! ஆடுதா? ஒரு டம்ளர் டீ வெச்சா சிந்தாது!" என்று கத்தினான். சடையன் முகம் மலர்ந்துவிட்டது. "பசங்களுக்கு ஆடாம இருந்தா நல்லதுதானுங்களே" என்றார் என்னிடம்.

"இப்ப உள்ள தண்ணி ஊத்துவோம்" என்றேன்.

தண்டபாணியின் சிரிப்பு கொஞ்சம் சின்னதானது. "எதுக்குங்க?"

"வழக்கம்."

மோட்டார் குழாயைப் படகுக்குள் நீட்டினோம். முழங்கால் வரை வந்தது. விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது பின்பக்கம் குபுகுபுவென்று மூச்சு விட்டது. அறுத்து மூடிய பலகை வழியாகப் பெட்டிக்குள் தண்ணீர் நுழைகிறது. அடுத்து நடந்ததற்கு நேரமே ஆகவில்லை. பின்பக்கம் அம்மிக்கல் மாதிரி இறங்கியது. மூக்குப் பெட்டியில் மட்டும் காற்று இருந்ததால் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. தண்டபாணி உட்கார்ந்த நிலையிலேயே, ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு, கழுத்து வரை தண்ணீருக்குள் போனான்.

"யோவ் மச்சான்! பாத்துக்கினே நிக்கறியே! கையக் குடு மச்சான்!"

ரோட்டில் வரிசையில் நின்ற கரும்பு டிராக்டர்களின் டிரைவர்கள் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

சடையன் முதலில் மோட்டாரை நிறுத்தினார். கயிற்றை வீசி, தார்ப்பாயில் வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்த தண்டபாணியை மேலே இழுத்துப் போட்டார். அவனுக்கு அடி ஒன்றும் இல்லை என்று தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"மச்சானுங்களா?"

"ஆமாங்க. என் தங்கச்சி வூட்டுக்காரரு."

"காலையிலேர்ந்து ரெண்டு பேரும் யாரோ எவரோன்னு பேசிக்கினு இருந்தீங்க."

"தப்புங்க. ஆனா படகைப் பத்தி நான் காட்டினது நெசம். உள்ள சிமென்ட் போட்டிருக்கான்."

"அது எனக்கும் தெரியுதுங்க" என்றார். குரல் உயரவேயில்லை. "நாளைக்கு வேற ஒரு படகை நீங்க நல்லா இருக்குதுன்னு சொன்னா, அது யாரு மச்சானுதுன்னு நான் எப்பிடிங்க தெரிஞ்சிக்கறது? அதுல ஏறப்போறது எங்க ஊருப் பசங்க."

அறுபது வயசுக்கு மேல், ஈர வேட்டியோடு நிற்பவன் தண்டபாணியாக இருக்க, நனைந்த மாதிரி நின்றது நான்தான்.

"ரிப்போர்ட்டு எழுதிக் குடுங்க" என்றார் சடையன். எழுதினேன். 'விற்பவர் என் தங்கை கணவர். இதை நான் முதலில் சொல்லவில்லை. பின் பெட்டிகள் இரண்டிலும் சிமென்ட். வாங்க வேண்டாம்.' கையெழுத்துப் போட்டேன். நான் எழுதியதிலேயே சின்ன ரிப்போர்ட். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கரும்பு டிராக்டர்களுக்கு நடுவில் நடந்து பஸ் பிடிக்கப் போனார்.

"ஏன்டா இப்பிடிப் பண்ணின?" என்று தண்டபாணியைக் கேட்டேன்.

"ஆடுது மச்சான்" என்றான். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "வந்த புதுசுல இதே குட்டையில எறக்கி ஏறினேன். ஒரே ஆட்டம், கவுத்து வுட்டுடுச்சி. ஆடற சாமான எவன் வாங்குவான்? டிராக்டருக்கு முன்னால வெயிட்டு மாட்டறதில்லையா? அதான் பின்னால ரெண்டு பக்கமும் சமமா ஊத்தினேன். தராசு வெச்சி அளந்துதான் ஊத்தினேன். ஏமாத்தணும்னு இல்ல மச்சான். சத்தியமா நல்லதுன்னு நெனச்சிதான்."

"அப்ப கண்ணை ஏன் சிமிட்டின?"

"அது வேற" என்றான்.

வீட்டில் மல்லிகா எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்தே திட்டினாள். "இவருக்கு அறிவு கம்மி, அது ஊருக்கே தெரியும். உனக்கு இன்னாண்ணா? வந்ததுமே சொல்லியிருந்தா இவரு நாலு டிரைவருங்க முன்னால முழுவியிருக்க மாட்டாரு. அந்த மலைக்காரரு மூஞ்சியில நாம எப்பிடி முழிக்கறது?" என்றாள். சோறு போட்டாள். குழம்பை ஊற்றும்போது, "ரெண்டு பேரும் சேந்து அந்தச் சிமென்ட்ட ஒடைங்க. ஒடைச்சிட்டு வந்து பேசுங்க" என்றாள்.

உடைத்தோம். ஒன்றரை மாதம். அவன் ஊற்றிய சிமென்ட் அணைக்கட்டுக்குப் போடுகிற தரம். ஃபைபரில் அடி படாமல், சின்ன உளியால், தேங்காய்ச் சில்லு பெயர்ப்பது மாதிரி பெயர்க்க வேண்டும். அவன் ஓங்கி அடிப்பான், நான் திட்டுவேன். பெட்டி ரெண்டையும் காலி செய்து, உள்ளே தேய்த்து, புதிதாக ஃபைபர் போட்டு மூடினேன். இளவயசில் மூக்கில் ஏறிய அதே தூள் மறுபடியும் ஏறியது. பத்துப் பன்னிரண்டு தடவை ஊதிப் பார்த்தோம். தண்டபாணி ஊதுவதில் என்னை மிஞ்சிவிட்டான். எடை நூற்று நாலுக்கு வந்தது.

சடையனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "வாங்கச் சொல்லலைங்க. வந்து பாருங்கன்னு மட்டும் சொல்றேன்."

"வர்றேனுங்க. நானே பாத்துக்கறேன்" என்றார்.

பத்து நாள் கழித்து வந்தார். என் பையை எடுத்து நீட்டினேன்; வாங்கவில்லை. அவருடைய துணிப்பையிலிருந்து நீளப்பிடி போட்ட குழம்புக் கரண்டி ஒன்று வந்தது. படகைச் சுற்றிவந்து, அந்தக் கரண்டிப் பிடியால் நாலு விரல் இடைவெளி விட்டுத் தட்டினார். நாங்கள் இருவரும் ஓரமாக நின்றோம். ஒரு இடத்தில் நிறுத்தி ரெண்டு தடவை தட்டினார். "அங்க ஃபைபர் ரெண்டு அடுக்குங்க, அதனாலதான் சத்தம்..." என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். தராசில் ஏற்றினார். நுரை பூசி, அவரே ஊதினார். ஒரு குமிழி இல்லை. முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

குட்டையில் இறக்கியதும், "ஏறுங்க" என்றார்.

தண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டினான்.

"ரெண்டு பேரும்" என்றார் சடையன்.

ஏறினோம். படகு இப்போது நன்றாக ஆடியது. தண்டபாணி என் தோளைப் பிடித்துக்கொண்டான். குழாய் வந்தது. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறி, முழங்காலுக்கு ஏறி, உட்கார்ந்திருந்தவர்கள் இடுப்புக்கு வந்தது. விளிம்பும் குட்டைத் தண்ணீரும் ஒரே மட்டம் ஆனது. சடையன் மோட்டாரை நிறுத்தினார். படகு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவர் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மல்லிகா டீ எடுத்து வந்தாள். அவருக்குக் கொடுத்தாள். எங்கள் பக்கம் பார்க்கவேயில்லை.

"எம்மா நேரம் மச்சான் ஒக்காரணும்?" என்று தண்டபாணி மெதுவாகக் கேட்டான்.

"தெரியல மாப்ள. நான் யாரையும் இவ்ளோ நேரம் ஒக்கார வெச்சதில்ல."

ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றது. பின்னாலேயே இன்னொன்று. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னா தண்டபாணி, மறுபடியும் முழுவிட்டியா?"

தண்டபாணி இடுப்பளவுத் தண்ணீரில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மார்பை விரித்து, ஆலைச் சங்கு மாதிரி ஒரு குரல் கொடுத்தான்.

"முழுவலடா! நல்லாப் பாரு, முழுவல!"

சடையன் முதல் தடவையாகச் சிரித்தார். காலி டம்ளரை மல்லிகாவிடம் நீட்டி, "இன்னொரு டீ கெடைக்குமாம்மா?" என்றார்.